உருமிக்காரர் எடுக்கும் படங்கள்

தோட்டக் கோவில் திருவிழாப் படங்கள் நம் எல்லார் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கும். அலகு குத்தியவர் இருப்பார். கரகம் எடுத்த அத்தை இருப்பார். மாலையும் கழுத்துமாக ஓர் அரசியல்வாதி கட்டாயம் இருப்பார். மேளம் அடித்தவரைத் தேடிப் பாருங்கள்: படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முழங்கை, அரைத் தவில், அவ்வளவுதான்.

மலாக்காவின் ஜாசின் பட்டணத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன் அந்த முழங்கைகளுக்கு முகம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். வாரநாளில் பள்ளிக்கூடப் படம், கல்யாண ஆல்பம். சனி, ஞாயிறு வந்தால் உருமி. அவருடைய குழுவோடு லோரியில் ஏறிக்கொண்டேன். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "என் பேர் மட்டும் எதுக்கு தம்பி? போட்டா குழுவுல இருக்கிற எல்லார் பேரையும் போடணும். உங்க பத்திரிகையில இடம் இருக்குமா?" என்றார். இருக்காது.

ஸ்டூடியோவின் பின்கட்டில் ஒரு பக்கம் விளக்குக் குடைகள், பின்னணித் திரைகள். மறுபக்கம் உருமிகள், தவில்கள். உருமி இடை சிறுத்த மேளம். ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலை வளைகுச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றைப் பிசையும் அந்த ஓசை எழுகிறது. தோலில் என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டேன். "எண்ணெய்தான்" என்றார். என்ன எண்ணெய் என்று கடைசிவரை சொல்லவில்லை. மலாக்காவின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும். சாயங்காலம் மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் லோரியில் உருமிகளோடு பழைய செய்தித்தாள் கட்டும் ஏறுகிறது. கோவில் வாசலில் அதைக் கொளுத்தி, தோலை அனலுக்குக் காட்டி, விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறார், திருப்பிக் காட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். தவில்களுக்கு பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது, மழைக்கு அசையாது. உருமிக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்வதில்லை. "பிளாஸ்டிக் கத்தும் தம்பி. அழாது."

அண்ணனின் தாத்தா கங்காணியோடு வந்தவர். மலாக்கா ரப்பரின் கதை 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட 40 ஏக்கரில் தொடங்குகிறது. பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை, கங்காணிகள் தங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களைத் திரட்டி வந்து லயங்களை நிறைத்தார்கள். ஆட்களோடு முனியாண்டியும் மதுரைவீரனும் மாரியம்மனும் வந்தார்கள். சாமி வந்தால் மேளமும் வந்துதானே ஆக வேண்டும்? தமிழ்நாட்டில் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கு ஒலிக்கும் தேவதுந்துபியும் உருமி இனம்தான். இன்னார் ஆடும் ஆட்டத்துக்கு இன்னார் அடிப்பது என்ற வழக்கம் அங்கே உண்டு. இங்கே அடிக்கும் பையனிடம் அதையெல்லாம் கேட்டால் முழிப்பான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சாதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உருமிக் குழுவில், லயத்துப் பையன் எவன் வந்து கை நீட்டினாலும் குச்சி கிடைத்தது.

அண்ணனின் அப்பா விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, மத்தியானம் தூங்கி, திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் உருமி அடித்தவர். "அவர் உருமி அடிக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. இருக்கிற ஒரே படம் சிவப்பு அடையாள அட்டையில உள்ளதுதான்." குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டை. அதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அதட்டியவரைப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது எனக்கு. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாமே என்றேன். அண்ணன் பதில் சொல்லாமல் அடுத்த உருமியின் வாரை இழுத்துக் கட்டினார்.

படத்தொழிலை ஒரு சீன முதலாளியின் கடை இருட்டறையில் கற்றுக்கொண்டாராம். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓட ஓட, தட்டில் மருந்துநீரை ஆட்டி, பாட்டு எத்தனை ஓடினால் படம் தெளியும் என்று கணக்கு வைத்திருந்திருக்கிறார். இளையராஜா கேமராவும் கையுமாக அலைகிறவர் என்று எங்கோ படித்தபிறகு, "அவரே எடுக்கிறார்" என்பதை வீட்டில் ஒரு வாதமாகவே பயன்படுத்தியிருக்கிறார். அண்ணிக்கு அது எடுபடவில்லை; லென்ஸ் விலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் போயிருந்த இரவு, ஜாசினை ஒட்டிய ஒரு தோட்டத்தில் திருவிழா. தோட்டம் என்று பெயர்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனம் தாமான் வீடுகளுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. திருவிழாவுக்கு மட்டும் கார்கள் வந்து செம்மண் பாதையை அடைக்கின்றன. அண்ணன் கேமராவை எடுத்துக்கொண்டு உருமியை மகளிடம் கொடுத்தார். ஐந்தாம் படிவம் படிக்கிற பெண். குழுவின் டி-சட்டை, சுருட்டிக் கட்டிய கூந்தல். வளைகுச்சியை அவள் இழுத்தபோது ஓரத்தில் நின்ற கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எடுப்பது முழுக்க மேளக்காரர்களைத்தான். ஃபிளாஷ் கிடையாது. ஷட்டரை நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறார். குச்சியும் மணிக்கட்டும் புகையாகக் கலைந்துவிடும். அடிப்பவர் தலையை ஆட்டாமல் இருந்தால் முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். "நல்ல உருமிக்காரன் தலை ஆடாது. அவன் எதிர்ல இருக்கிறவங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பான்."

யாரைப் பார்க்கிறான் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாவுக்கு அருள் வந்தது. பின்னல் அவிழ்ந்தது, சுற்றிலும் கைப்பேசிகள் எழுந்தன. அண்ணன் கேமராவைப் பைக்குள் திணித்துவிட்டு மகளிடமிருந்து உருமியை வாங்கினார். அந்த அம்மாவின் பாதங்களை மட்டுமே பார்த்து அடித்தார். பாதம் வேகமெடுத்தபோது கூடவே போனார். உச்சத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு ஒரு அடியை விட்டார், இன்னொரு அடியை விட்டார், தேய்ப்பை நீட்டினார். தவில்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தணிந்தன. பூசாரி திருநீறு வைக்கும்போது அந்த அம்மா தானாகவே உட்கார்ந்திருந்தார்.

"ஏத்துறதை யார் வேணும்னாலும் செய்யலாம். சட்டுன்னு நிறுத்தினா விழுந்துருவாங்க. இறக்குறதுதான் வேலை" என்றார் பிறகு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. அருள் வந்த முகங்களை முன்னெல்லாம் அவரும் எடுத்திருக்கிறார். கணினியில் காட்டினார், ஒன்றிரண்டு அபாரமான படங்கள். கண்காட்சி வைத்தால் இவைதான் பேசப்படும் என்றேன். "அந்தம்மா காலையில பாசாருக்கு மீன் வாங்கப் போகணும் தம்பி" என்று மூடிவிட்டார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அந்த முகங்களும் நம் வரலாறுதான். ஆனால் இறக்கிவிடும் பொறுப்பு அவருடையது, என்னுடையது அல்ல. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அடி விடுகிற வித்தையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால், உருமிக்காரர் யார் பெயரும் வரவில்லை. காஜா பேராங்கில் செட்டி மக்களின் டொண்டாங் சாயாங்கைப் படமெடுக்கப் போன இடத்தில் என்றார். மாரியம்மனைக் கும்பிட்டு, வீட்டில் மலாய் பேசி வாழும் மலாக்கா செட்டிகளும், மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசிய வம்சத்தாரும் பாடும் கலை அது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வயலின், ரெபானா, கோங். ஒருவர் பந்துன் பாடுவார், எதிராளி அங்கேயே பதில் கட்டிப் பாட வேண்டும். "அவன் பதில் யோசிக்கிறதுக்கு வாத்தியம் இடம் விடுது பாருங்க. நம்ம பசங்க இடமே விட மாட்டானுங்க, காது கிழியுற மாதிரி அடிக்கிறானுங்க." சினிமாப் பாட்டை உருமியில் வாசிப்பதைக் கோவில் நிர்வாகங்கள் கண்டிப்பது அவருக்கும் தெரியும். பாட்டு பிரச்சினை இல்லை, மூச்சு விடாமல் அடிப்பதுதான் பிரச்சினை என்பது அவர் கட்சி. மாசி மகத்துக்குப் பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து, 1781ஆம் ஆண்டுக் கோவில் அது, வெள்ளி ரதம் செங் சன்னாசிமலைக்குக் கிளம்பும்போதும் அவர் கேமரா நாதஸ்வரக்காரரின் கன்னத்தைத்தான் தேடுமாம். நம் கோவில்களில் வாசிக்க இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்கு அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுச் சும்மா கொடுக்கிறார். ஊருக்கு அனுப்ப அவர்களுக்கு வேறு படம் கிடையாது.

லோரியில் சாமான் ஏற்றும்போது ஒரு கோவிலின் கமிட்டித் தலைவர் போனில் அழைத்தார். போன வாரத் திருவிழாப் படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். முந்நூற்றுச் சொச்சம் படம் இருக்கு, எது வேணும் என்றார் அண்ணன். ஒய்.பி.க்குச் சால்வை போர்த்துகிற படம் போதுமாம்.

"அதுக்குத் தனி ரேட்டு, தலைவரே" என்றார் அண்ணன்.

மேளக்காரர்கள் படம் அவருக்கு வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அண்ணன் எப்படியும் அந்த உறைக்குள் நாலைந்தை வைத்து அனுப்புவார். கணக்கில் எழுத மாட்டார்.