கிராண்ட் இருக்கா தம்பி?

ஆடித் திருவிழா வேலைகளுக்கு நடுவுல இது கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் பிள்ளைங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

என் பொழப்பு உங்களுக்குத் தெரியும். கியா பார்ம்ல காய்கறி ஏத்தி, சிம்பாங் பூலாய் வழியா லோரியை இறக்கி, விடியறதுக்குள்ள செலாயாங் பாசார் போரோங் போய்ச் சேரணும். பதினோரு வருஷமா கோலாலம்பூர் போயிட்டு வரேன். ஆனா நான் பார்த்த கே.எல். அந்த மார்க்கெட்டும் நெடுஞ்சாலையும்தான். அங்க உள்ள கோயில்களுக்குப் பணம், வக்கீல், ஒய்.பி. எல்லாம் இருக்கும், தோட்டத்துக் கோயிலுக்குத்தான் கேட்க நாதியில்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு நம்பிக்கையும் இருந்துச்சு. தாத்தா காலத்துக் கோயில்ல யாரு கை வைக்கப் போறான்?

போன மாசம் லோரி பழுதாகி ஒருநாள் அங்கேயே தங்க வேண்டியதாச்சு. நம்ம தலைவர் அண்ணன் போன்ல, "சும்மாதானே இருக்கே, மஸ்ஜித் இந்தியா பக்கம் போயி அம்மனுக்குப் பட்டும் கரகச் சாமானும் வாங்கிட்டு வாப்பா"ன்னாரு.

வாங்கிட்டு, தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்துக்குப் போனேன். விஷயம் எல்லாரும் செய்தியில படிச்சதுதான். சுமார் 130 வருஷத்துக் கோயில். அது இருக்கிற நிலத்தை மாநகர மன்றம் 2014-லயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு வித்துடுச்சு. அங்க மசூதி வரப்போகுதுன்னு 2025 மார்ச்ல நாடே பேசுச்சு. பேச்சுவார்த்தைக்கு அப்புறம், ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி வேற இடம்னு முடிவாச்சு. யாரையும் குறை சொல்ல இதை எழுதல. நாட்டோட தலைநகர்ல, அவ்வளவு பேர் வந்து போற இடத்துலயே இந்த நிலைமைன்னா நாம எந்த மூலைன்னு தோணுச்சு.

அங்க பூ கட்டிக்கிட்டு இருந்த ஒரு அம்மா, "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டாங்க. கேமரன்மலை, தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தொண்டு செய்றேன்னேன்.

"நல்லது. உங்க கோயிலுக்கு கிராண்ட் இருக்கா?"

எனக்கு வாய் வரல. "தாத்தா காலத்துலேர்ந்து இருக்கும்மா"ன்னேன்.

"நான் கேட்டது வயசு இல்லையே தம்பி"ன்னுட்டு பூ கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

மலை ஏறி வர்ற வரைக்கும் அதே நினைப்புதான். எங்க தவுக்கே பல வருஷமா டி.ஓ.எல். உரிமத்துல தோட்டம் போட்டவரு. வருஷா வருஷம் தேதி தவறாம போய்ப் புதுப்பிப்பாரு. நானே எத்தனையோ தடவை அவரை அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கோபிஸ் போடுற மண்ணுக்குப் பேப்பர் வேணும்னு தெரிஞ்ச எனக்கு, அம்மன் உட்கார்ந்திருக்கிற மண்ணுக்கும் வேணும்னு ஒருநாளும் தோணலியே!

அந்த வாரக் கூட்டத்துல பேச்சை எடுத்தேன். இரும்பு அலமாரியைத் திறந்தோம். உபயக் கணக்கு, கரண்டு பில்லு, பழைய திருவிழா நோட்டீஸ் எல்லாம் இருக்கு. நிலத்தைப் பத்தி ஒரு கடிதம்கூட இல்ல. "இவ்வளவு நாளா யாரும் கேட்கல. நாமளா போயி கேட்டு, இல்லாத பிரச்சினையைக் கிளப்பணுமா?"ன்னு மாமா ஒருத்தர் சொன்னாரு. அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனா கேட்காம இருக்கிறதும் பாதுகாப்பு இல்லன்னு கே.எல்.ல பார்த்துட்டேன். ரெண்டு மணி நேர வாக்குவாதத்துக்கு அப்புறம் முதல்ல ஒரு வேலை மட்டும் செய்யலாம்னு ஒத்துக்கிட்டாங்க. லாட் நம்பரைக் கண்டுபிடிச்சு, நில அலுவலகத்துல கட்டணம் கட்டி, நிலம் யார் பேர்ல இருக்குன்னு பார்க்கப் போறோம். அதுக்கு மேல என்ன செய்றதுன்னு அப்புறம் கூடிப் பேசுவோம்.

தோட்டத்தை விட்டு வெளியூர் போன உறவுகளே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க தாத்தா பாட்டி பெட்டியில கோயில் படம், பழைய திருமண அழைப்பிதழ், தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம் ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. படம் பிடிச்சு எனக்கு அனுப்புங்க, இல்லன்னா திருவிழாவுக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க.

இந்த வருஷம் அந்தக் காகிதமும் அம்மனுக்கு உபயம்தான்.

அம்மன் துணை.