வெட்டு எந்தப் பக்கம்?

வங்கி வேலையை விட்டுவிட்டு என் இளைய மகன் ஒரு பிக்கப் வாங்கினான். வில்லியனூரிலிருந்து காய்கறி ஏற்றுகிறான். 2 வருடமாக அந்த வண்டியில் நான் ஏறியதில்லை.

போன மாதம் வேகத்தடை ஏறினாலே முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம். ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதாம். நான் படித்த பிரெஞ்சில் இந்த மாதிரி ரப்பரைச் 'சிலான்ப்ளோக்' என்பார்கள், சத்தத்தை அடக்கும் கட்டை! மெக்கானிக் புதிது மாட்டியும் கட்டை அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனே வண்டிக்கடியில் படுத்தான். "டார்ச் பிடிங்கப்பா" என்றான். குமாஸ்தா புத்தி, முதலில் கையேட்டைப் படித்தேன். புஷ்ஷில் ஒரு வெட்டு இருக்கும், அதை விரித்துத்தான் பாரில் மாட்ட வேண்டும். இந்த வண்டிக்கு இரண்டு பக்க வெட்டும் முன்னால் பார்க்க வேண்டும். இடதுபக்கத்தது பின்னால் பார்த்தது. தட்டையான பக்கமும் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. போதாததற்குச் சாதா கிரீஸ் வேறு, அதில் ரப்பர் ஊறி உப்பிவிடும். நன்றாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் பூசித் திருப்பி மாட்டினான்.

"ஜாக்கை இறக்கிட்டு, நாலு சக்கரமும் தரையில நின்னதும் போல்ட்டை முறுக்கு. ஒரு பக்கம் தூக்கியிருந்தா பார் முறுக்கிக்கிட்டு நிக்கும்" என்றேன். மறுபேச்சில்லாமல் செய்தான்.

"ஏறுங்கப்பா, பார்த்துடலாம்."

ஊசுட்டேரி வரை போனோம். சத்தமில்லை. திரும்பும்போது, மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டேன். சொன்னான்.