கோழிச் சண்டையில் வளர்ந்த டிரக்

ஃபோர்டின் டியர்பார்ன் டிரக் ஆலைக்கு நம் காரில் நேராகப் போய் இறங்க முடியாது. ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கி, அவர்கள் விடுகிற பஸ்ஸில் ஏற வேண்டும். டெட்ராய்ட்டை ஒட்டிய ரூஜ் வளாகத்துக்குள் பஸ் திரும்பியதும் புகைபோக்கிகளும், எஃகு ஆலையின் பழுப்பேறிய குழாய்களும், தண்டவாளங்களும் வரிசையாக வந்தன. 1920களில் ஹென்றி ஃபோர்டு போட்ட கணக்கு இது: ஆற்றுப் பக்கம் கப்பலில் இரும்புத் தாதுவும் நிலக்கரியும் வந்து இறங்கும், மறுபக்கம் கார் தானே ஓடி வெளியேறும். கண்ணாடியைக்கூட உள்ளேயே வார்த்தார்கள். ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் இங்கே வேலை பார்த்தார்கள்.

இப்போது இங்கே உருவாவது எஃப்-150. அமெரிக்கர்கள் டிரக் என்று சொன்னால் நம் ஊர் லாரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் திறந்த தொட்டி, பிக்கப் வண்டி. தச்சரும் விவசாயியும் ஓட்டுவார்கள். தொட்டியில் ஒரு செங்கல்கூட ஏற்றியிராத வங்கி மேலாளரும் ஓட்டுவார்.

என்னோடு வந்தவன் மச்சினன். இங்கே ஒரு உதிரிபாக நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். "படத்தையெல்லாம் சட்டுனு முடிச்சிட்டு மேல போயிருவோம் அத்தான். இடைவேளை விட்டுட்டா லைன் நின்னுரும், ஒண்ணும் பாக்க முடியாது" என்று அவசரப்படுத்தினான். இரண்டு படங்கள் காட்டுகிறார்கள். இரண்டிலும் பெருமை கொஞ்சம் தூக்கல். பார்வை மாடத்தில் ஏறினால் ஆலையின் கூரை முழுக்கச் செடி, பத்து ஏக்கருக்கு மேல். மழைநீரை உறிஞ்ச வைத்தது. விளம்பரமும் ஆயிற்று, வடிகால் செலவும் மிச்சம்.

பார்க்க வேண்டியது அசெம்பிளி லைன்தான். தொழிலாளர்களின் தலைக்கு மேலே அரைக் கிலோமீட்டர் நடைபாலம். படம் எடுக்கக் கூடாது. கீழே ஒவ்வொரு கேபினும் மரத்தளம் போட்ட மேடையில் ஏறி நிதானமாக நகர்ந்து வருகிறது. வேலைக்குத் தகுந்தபடி மேடை உயர்கிறது, தாழ்கிறது. யாரும் முதுகை வளைக்க வேண்டியதில்லை. வர்ணம் பூசி வந்த கேபினிலிருந்து கதவுகளைக் கழற்றி வேறு தடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே ஆள் நுழைந்து வேலை செய்ய வசதி, கதவிலும் கீறல் விழாது. சுற்றி வந்து அதே கதவு அதே வண்டிக்குத்தான் கடைசியில் சேர்கிறது.

எங்களுக்கு நேர் கீழே ஒரு பெண்மணி. நடுவயது, கையுறை, காதில் அடைப்பான். மேடையோடு சேர்ந்து நடந்தபடியே கேபினுக்குள் சாய்ந்து, ஒயர் கற்றை ஒன்றை இழுத்து, முனையை அழுத்திப் பொருத்துகிறார். விரலால் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். மேலிருந்து தொங்கும் முறுக்கியைப் பிடித்து இரண்டு போல்ட்டை முடுக்குகிறார். இரண்டடி பின்னால் நடந்து அடுத்த கேபினுக்கு வருகிறார். அதே ஒயர், அதே இழுப்பு, அதே இரண்டு போல்ட். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற வேகத்தில் லைன் போகிறது. ஒருமுறை நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

மச்சினன் அந்த ஒயர் கற்றையைத்தான் காட்டினான். வண்டியின் நரம்பு அது. இயந்திரத்தால் முழுக்கச் செய்ய முடியாது, பலகையில் விரித்து வைத்துக் கையால்தான் பின்ன வேண்டும். அதனால் வட அமெரிக்கச் சந்தைக்கான கற்றைகளில் பெரும்பகுதி கூலி குறைந்த மெக்சிகோவில் உருவாகிறது. எஞ்சின் கதை இன்னும் சுவாரசியம். 2.7 லிட்டர் எஞ்சின் ஒஹாயோவின் லைமாவிலிருந்து வருகிறது. 5 லிட்டர் வி-8 வருவது ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சரிலிருந்து. டெட்ராய்ட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற ஊர்தான். ஆனால் நடுவில் ஒரு நாட்டு எல்லை. ஆக, கீழே நகர்ந்துகொண்டிருந்த 'அமெரிக்க' வண்டியில் மூன்று நாட்டுக் கைகள் இருக்கின்றன.

அந்தப் பெண்மணிக்கு என்ன சம்பளம்? ஊகிக்க வேண்டியதில்லை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-ல் யூஏடபிள்யூ என்ற வாகனத் தொழிலாளர் சங்கம் ஃபோர்டு, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), ஸ்டெல்லான்டிஸ் ஆகிய மூன்று கார் நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முடிவில் 2028 ஏப்ரல் வரையிலான ஒப்பந்தத்தில் 25% ஊதிய உயர்வு. மேல்நிலைத் தொழிலாளிக்கு ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் விலைவாசிப் படியோடு சேர்த்து மணிக்கு 40 டாலருக்கு மேல். உடனே தொலைக்காட்சிகளில் ஒரே பாட்டு: இனி டிரக் விலை தாங்காது, சங்கம் கெடுத்துவிட்டது. ஃபோர்டே சொன்ன கணக்கு என்ன? புதிய ஒப்பந்தத்தால் 2028 வாக்கில் வண்டி ஒன்றுக்குக் கூடும் கூலிச் செலவு சுமார் 900 டாலர். 60 ஆயிரம் டாலர் டிரக்கில் அது ஒன்றரை சதவீதம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலையேற்றத்துக்கு முதல் குற்றவாளி ஆக்குகிற அளவுக்கு இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி போட்டிக் கம்பெனியின் வண்டி. ஷெவர்லே சில்வராடோவை ஜிஎம் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னிலும் செய்கிறது, மெக்சிகோவின் சிலாவோவிலும் செய்கிறது. சிலாவோ தொழிலாளிக்கு மணிக்குச் சில டாலர்தான். ஆனால் ஷோரூமில் ஒரே மாடலுக்கு ஒரே விலை. மெக்சிகோவில் செய்தது என்று நூறு டாலர் குறைத்துத் தருவார் யாருமில்லை. கூலியில் மிச்சமானது வாங்குகிறவர் கைக்கு வரவில்லை என்றால் எங்கே போனது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் விலையைத் தாங்கிப் பிடித்திருப்பது எது? அதற்கு 1960களின் கோழிக்குப் போக வேண்டும். அமெரிக்கப் பண்ணைகளின் மலிவான கோழி மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் குவிந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன் மேல் வரியை ஏற்றின. பேச்சு பலிக்கவில்லை. 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இவற்றோடு இலகுரக டிரக். நான்குக்கும் இறக்குமதி வரி ஏறியது, டிரக்குக்கு 25%. அடிபட வேண்டியது மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன். மற்ற மூன்றின் மேலிருந்த வரி காலப்போக்கில் தளர்ந்தது. கோழிச் சண்டையும் மறந்தது. டிரக் வரி மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. காருக்கு 2.5%, டிரக்குக்கு 25% என்ற அந்த இடைவெளிதான் டெட்ராய்ட்டின் கோட்டைச் சுவர். சுவருக்குள் போட்டி குறைவு. போட்டி குறைந்த இடத்தில் வண்டி பெரிதாகும், லாபமும் பெரிதாகும்.

பஸ்ஸில் திரும்பும்போது மில்லர் சாலையைக் கடந்தோம். 1937 மே 26 அன்று இங்கே 4-ஆம் நுழைவாயில் மேம்பாலத்தில் யூஏடபிள்யூ துண்டறிக்கை கொடுக்க வந்த சங்க அமைப்பாளர் வால்டர் ராய்தரையும் தோழர்களையும் ஃபோர்டின் அடியாட்கள் அடித்து நொறுக்கினார்கள். நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொள்ள 1941 ஆனது. கோழி வரி வந்த காலத்தில் யூஏடபிள்யூ தலைவர் இதே ராய்தர்தான். வெளிநாட்டு வேன்கள் வந்து குவிவது அவருக்குக் கவலை. தேர்தல் ஆண்டில் வேலைநிறுத்தம் வந்துவிடக் கூடாது என்பது ஜான்சனுக்குக் கவலை. அடித்த நிறுவனத்துக்கும் அடிபட்ட சங்கத்துக்கும் ஒருசேர நிழல் தந்தது அந்த வரி. வெயிலில் நின்றவர் வாங்குகிறவர்.

சுவர் கட்டியவர்களே ஏறிக் குதித்த கதையும் உண்டு. ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேனைத் துருக்கியில் செய்து, பின்சீட்டும் ஜன்னலும் வைத்து 'பயணிகள் வண்டி' என்று 2.5% வரியில் பால்டிமோரில் இறக்கியது. இறங்கியதும் சீட்டைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலுக்குத் தகடு அடித்துச் சரக்கு வேனாக விற்றது. சுங்கத் துறை விடவில்லை. வழக்கு நடந்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டி ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது. மச்சினன் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். "நம்ம ஊரு ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா அத்தான், இவங்களே பெரிய ஆளு."

2025 வந்ததும் சிரிப்பு குறைந்துவிட்டது என்றான். ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் கூடுதலாக 25% வரி, மே மாதம் உதிரிபாகங்களுக்கும். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் மார்ச்சில் 25%, ஜூனில் 50%. மெக்சிகோவின் எர்மோசிலோவில் செய்யும் சின்ன டிரக்கான மேவரிக், அறிமுகமானபோது 20 ஆயிரம் டாலருக்குள் கிடைத்தது. அது உட்பட மெக்சிகோ மாடல்கள் சிலவற்றின் விலையை ஃபோர்டு 2025 மே மாதத்தில் 2,000 டாலர் வரை ஏற்றியது. குறைந்த வருமானக்காரர் வாங்கக்கூடிய டிரக் அதுதான். அடி அதன் மேல்தான் முதலில் விழுந்தது.

உள்நாட்டில் செய்வதற்காவது விலக்கு உண்டா? எஃப்-150-ன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம். தகடு தருவதில் முக்கியமானது நியூயார்க் மாநிலம் ஆஸ்வீகோவிலுள்ள நொவெலிஸ் ஆலை. நம் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஹிண்டால்கோ 2007-ல் வாங்கிய நிறுவனம் அது. 2025 செப்டம்பரில் அங்கே பெரிய தீ. தகடு இல்லாமல் டியர்பார்னில் வேலை தடைப்பட்டது. கடல் கடந்து தகடு தருவித்தால் அப்போது 50% வரி கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவிலேயே அதிக வண்டி அசெம்பிள் செய்வது தாங்கள்தான் என்று மார்தட்டும் ஃபோர்டு, 2025-ன் இரண்டாம் காலாண்டில் மட்டும் வரிக்காகச் செலவிட்டது 80 கோடி டாலர். சுவர் இப்போது கோட்டைக்கு உள்ளேயும் எழும்பிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் ஒரு டீலர் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். புதுக் காரின் கண்ணாடியில் விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1958-ன் சட்டம். உதிரிபாகம் எந்த நாடு, எஞ்சின் எந்த நாடு, எந்த ஊரில் அசெம்பிளி என்று அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்பது 1992-ன் சட்டம். ஆலையில் பொறிக்கும் வண்டி அடையாள எண்ணைப் (விஐஎன்) பார்த்தும் சொல்லலாம்: 1-ல் தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. எஃப்-150-ல் பதினோராவது எழுத்து எஃப் என்றால் டியர்பார்ன், கே என்றால் கான்சஸ் சிட்டி. அலாய் சக்கரத்துக்கு இவ்வளவு, தோல் இருக்கைக்கு இவ்வளவு, கொண்டுவந்து சேர்த்த கூலி இவ்வளவு என்று சீட்டில் வரிசையாக விலை இருந்தது. இறக்குமதி வரி என்று ஒரு வரிகூட இல்லை. அசெம்பிளிக் கூலி என்றும் இல்லை. 900 டாலரைச் சொல்லிச் சங்கத்தைத் திட்டுகிறவர்கள் மற்றதை வசதியாக மறைக்க முடிவது அதனால்தான். தரைவிரிப்பின் விலையை அச்சிடுகிற சீட்டில் இந்த இரண்டையும் அச்சிட இடம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1958-லும் 1992-லும் செய்ததை இன்னொரு முறை செய்ய வேண்டும்.