சோடி முத்து

அம்மாவிடம் ஒரு சோடி முத்துத் தோடுகள் இருந்தன. அம்மம்மா கொடுத்தவை. மன்னார்க் கடலில் குளித்தெடுத்த முத்துகள் என்று வீட்டில் சொல்வார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவில், அவற்றில் ஒன்று தொலைந்துபோனது. அன்று வீட்டையே விட்டு வந்தவர்கள் நாங்கள். ஆயினும் அம்மா பல காலம் சொல்லி வருந்தியது அந்த ஒற்றைத் தோட்டைப் பற்றித்தான்.

2003இல் தங்கையின் கல்யாணம் நிச்சயமானபோது, எஞ்சிய தோட்டுக்குச் சோடி தேடி அம்மாவும் நானும் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் போனோம். அங்கிருந்த முதிய பத்தர் மின்விளக்கை அணைத்துவிட்டு, யன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, காலை வெளிச்சத்தில் முத்தைப் பார்த்தார்.

"தம்பி, நல்ல முத்துத் தேடுறது லேசு. இதுக்குச் சோடி தேடுறதுதான் கஷ்டம்."

பருமனும் உருட்சியும் ஒத்துவந்தால் நிறம் ஒத்துவராது. நிறம் ஒத்தால் அதன் மேல் ஓடும் இளஞ்சிவப்போ பச்சையோ வேறுபடும். எல்லாம் ஒத்தாலும் ஒளி மாறும். 1905ஆம் ஆண்டு மன்னார் முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. கிடைத்த முத்துகளைத் துளையளவு வேறுபட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரித்தார்கள். சல்லடை அவ்வளவுதான் செய்யும். மற்றவற்றைக் கண்தான் பிரிக்கவேண்டும். 1917இல் நியூயோர்க்கில் கார்ட்டியே நிறுவனம் ஒரு மாளிகையை வாங்க இரட்டைச் சர முத்துமாலை ஒன்றையும் நூறு டொலரையும் கொடுத்தது. ஒத்த முத்துகளைச் சேர்ப்பதன் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பத்தர் யப்பானிய வளர்ப்பு முத்துகளை ஒவ்வொன்றாக அருகில் வைத்தார். எல்லாமே அழகு. ஆனால் அவற்றின் பக்கத்தில் அம்மம்மாவின் முத்து மங்கித் தெரிந்தது. வியர்வையும் எண்ணெயும் பட்டு மஞ்சள் பாரித்திருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்துப் பத்தர் அழைத்தார். அறுந்த பழைய மாலையொன்றிலிருந்து ஒரு முத்தை எடுத்து வைத்திருந்தார். நெருக்கி வைத்தால் அதில் சற்றே சிவப்பு ஓடியது. நான் தயங்கினேன்.

"மாலை எண்டால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும், விடமாட்டன். இது தோடு. நடுவில ஒரு முகம் இருக்கு, தம்பி."

கல்யாணத்தன்று ஒருவரும் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

அம்மா இறந்த பிறகு, ரொறன்ரோவிலிருந்து தங்கை தோடுகளின் படமொன்றை அனுப்பினாள். "அண்ணா, இதில எது அம்மம்மான்ர?" என்று கேட்டிருந்தாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சிவப்பை எங்கும் காணவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரே காதுகளில் கிடந்து இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன போலும்.

தெரியவில்லை என்று எழுதினேன்.