ஏரியை நகர்த்தின எவரெஸ்ட்

ஹைதராபாத்துல நமக்குப் பொழப்பு மேப்போடதான். பழைய டோபோஷீட்டை ஸ்கேன் பண்ணி, அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்து, சாட்டிலைட் படத்து மேல உட்கார வைக்கணும். ஜியோரெஃபரன்சிங்னு பேரு. உட்கார்ந்தது சரியான இடத்துலதானான்னு பார்க்கறதுலதான் விஷயமே இருக்கு.

புதுசா சேர்ந்த பையன் ஒரு ஏரி மேப் கொண்டு வந்தான். "சார், ஆர்எம்எஸ் எரர் கிட்டத்தட்ட ஜீரோ!" முகமெல்லாம் சிரிப்பு. படத்துல பார்த்தா தென்கிழக்குக் கரையில ஒரு தெருவே ஏரிக்குள்ள இருக்கு. ஆக்கிரமிப்பு லிஸ்ட் தயாராகிற நேரம் வேற.

ஆர்எம்எஸ் குறைச்சல்னா, நாம கொடுத்த புள்ளிகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுன்னு மட்டும்தாங்க அர்த்தம். தரையோட ஒத்துப்போகுதான்னு அது சொல்லாது. அதுக்கு இடம் மாறாத எதையாவது பார்க்கணும். ரயில்வே கேட், பழைய கோயில், ஏரிக்கரை. பார்த்தோம். எல்லாமே ஒரே திசையில, ஒரே அளவு தள்ளியிருந்தது.

அப்படி இருந்தா சந்தேகமே வேண்டாம், டேட்டம்தான். பழைய ஷீட் மூலையில அச்சடிச்ச எண்கள் 1830-ல எவரெஸ்ட் போட்ட பூமிக் கணக்குப்படி. ஜிபிஎஸ் பேசறது டபிள்யூஜிஎஸ் 84. அதையும் இதையும் ஒண்ணுன்னு வெச்சா ஹைதராபாத் பக்கம் 150 மீட்டருக்கு மேல நகர்ந்துடும். முதல்ல எவரெஸ்ட்னு சொல்லிப் பதிச்சு, அப்புறம்தான் மாத்தணும்.

மூலை நாலும் சரியா இருந்து நடுவுல மட்டும் விலகினா, ப்ரொஜெக்‌ஷனையோ காகிதச் சுருக்கத்தையோ பாருங்க. பழைய ஷீட் பாலிகோனிக். படம் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல போய் விழுந்தா, டிகிரியை மீட்டர்னு கொடுத்திருப்பீங்க!

மாத்தினதும் அந்தத் தெரு கரையேறிடுச்சு. எதிர்க்கரையில வேற சில வீடுகள் உள்ளே போச்சு. அதுக்காக அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாமா? கூடாதுங்க. 50,000-க்கு 1 அளவுல அரை மில்லிமீட்டர் கோடே தரையில 25 மீட்டர். அதுல ஒரு வீடே அடங்கிடும். நேர்ல போய் அளக்கணும்னு குறிப்பு எழுதித்தான் மேப்பைக் கொடுத்தோம்.

பி.கு: எவரெஸ்ட் கணக்குக்கு அஸ்திவாரமான சர்வே தொடங்கினது நம்ம பரங்கிமலைப் பக்கம். 1802-ல லாம்ப்டன் அங்கதான் அடிக்கோடு அளந்தார். அடுத்த தடவை ஊருக்குப் போய் ஏர்போர்ட்ல இறங்கும்போது பசங்களுக்கு அந்த மலையைக் காட்டுங்க.