பெருங்களத்தூர்ச் சாலையில் கானல்நீர்

அக்கினி நட்சத்திர நாட்களின் நடுப்பகலில், எங்கள் பெருங்களத்தூரிலிருந்து வண்டலூரை நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் செல்வோர், சற்றுத் தொலைவில் தார்மீது நீர் தேங்கி நிற்பதையும், எதிரே வரும் பேருந்தின் முகப்பு அதில் தலைகீழாக நடுங்குவதையும், நெருங்க நெருங்க அந்நீர் விலகிப் போவதையும் கண்டிருப்பர்.

இதை வெறும் பிரமை என்று தள்ளிவிடுவது சரியன்று. வெயிலை உறிஞ்சிய கரிய தார், தன்னைத் தொட்டு நிற்கும் காற்றுப் படலத்தை மேற்காற்றைவிட மிகுதியாகச் சூடேற்ற, அதனால் அதன் அடர்த்தி குறைய, ஆகாயத்திலிருந்து மிகச் சாய்வாக இறங்கும் ஒளிக்கிரணம் தரையைத் தொடாமலே மெல்ல வளைந்து, மேலெழுந்து நம் விழியை வந்தடைகிறது. நீரென்று நாம் காண்பது ஆகாயத்தின் பிரதிபிம்பமே. கிரணம் சாலையோடு அமைக்கும் கோணம் ஒரு பாகைக்கும் குறைவாக இருந்தாலன்றி இவ்வளைவு நேராதாகையால், அக்காட்சி தொலைவில் மட்டுமே தோன்றுகிறது. நாம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. 1798-இல் நெப்போலியனின் படையோடு எகிப்து சென்ற கஸ்பார் மோன்ஜ் என்னும் பிரெஞ்சுக் கணித மேதை, பாலைவனத்தில் தாகத்தால் வாடிய வீரர்களை ஏமாற்றிய இத்தோற்றத்திற்கு விஞ்ஞான விளக்கம் தந்தார்.

மனத்தின் மயக்கம் புகைப்படத்தில் பதியாது; கானல்நீரோ கைபேசியிலும் பதியும். ஆகவே நண்பர்களே, வண்டியில் உடன்வரும் குழந்தை அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், "ஒன்றுமில்லை" என்று வாயடைக்காதீர்கள். ஒளி வளைந்து வரும் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.