கடலுக்குப் போன மெசினோ?

நறுவிலிக்குளத்துக் கராச்சில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், கைபிடி தரையில் படக் கிடந்தது. விலை குறைந்த சீன மெசின். எஸ்195 எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைவலு.

"அண்ணை, இதைச் செய்யலாமோ, இல்லாட்டி வித்துப்போட்டுப் புதுசு எடுக்கட்டோ?"

மெக்கானிக் பதில் சொல்லாமல் கேட்டார்: "கடலுக்குப் போன மெசினோ, வயலோட நிண்டதோ?"

இந்தப் பக்கத்தில் லாண்ட்மாஸ்டர் உழவோடு நிற்பதில்லை. பெட்டி பூட்டினால் மீனும் ஐசும் ஏற்றக் கரைக்கும் போகும். உப்புத்தண்ணீர் சீல் வழியாகக் கியர்பொக்சுக்குள் இறங்கினால் பெயரிங்கைத் தின்றுவிடும். அப்படியானதுக்கு எஞ்சின் செய்வது வீண் செலவு.

இது வயல் மெசின். அதன் வருத்தம் வேறு. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி நனைந்தால் சக்கரத்தை விடாது, காய்ந்தால் வெடித்து இறுகும். அதில் இழுக்கும் எஞ்சின் கொதித்து, மேலே உள்ள தொட்டித் தண்ணீர் ஆவியாகப் போகும். பக்கத்துக் கிணற்று உவர்நீரை ஊற்றிக்கொண்டே உழுவார்கள்.

அடி நட்டைக் கழற்றினார். ஒயில் மோராக வழிந்தது. சொந்தக்காரருக்கு முகம் செத்துப்போனது, மெக்கானிக்குக்கோ நிம்மதி. லைனரின் வெளிப்புறம் தண்ணீர். அது கீழே ஒயிலுக்குள் இறங்காமல் மறிப்பவை ரப்பர் வளையங்கள். உவர் படிந்து ரப்பர் இறுகிவிட்டது. லைனரைக் கழற்றி வேறு போடலாம். பயம் கிராங்கில்தான், தண்ணீர் கலந்த ஒயில் அதற்கு எண்ணெயே இல்லை.

துடைத்த கிராங்கில் நகத்தை ஓட்டினார், கீறல் தட்டியது. பிறகு மைக்ரோமீற்றர். ஒரு பக்கம் அளந்து, கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தார். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. மன்னார் ரவுணில் லேத்தில் கால் மில்லிமீற்றர் கடைந்து, அதற்கேற்ற பெயரிங் மெட்டல் போட்டால் ஓடும். முன்னமே பலமுறை கடைந்த கிராங் என்றால் விற்கச் சொல்லியிருப்பார்.

சீன மெசினை இளக்காரமாகப் பேசுவது எங்கள் ஊர்ப் பழக்கம். நட்டு மெலிவு, வார்ப்பு முரடு என்பதெல்லாம் சரிதான். ஆனால் இந்த எஞ்சின் எங்கும் ஓடுவதால் சாமான் கிடைக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 தாண்டியபோது புதுசு எடுக்கும் எண்ணத்தையே பலர் விட்டார்கள். வயலைக் காப்பாற்றியவை இப்படியான கராச்சுகள் என்பேன்.

காலபோகத்துப் புழுதி விதைப்பு நெருங்குகிறது. மழை முந்தினால் களிக்குள் மெசின் இறங்காது. அதுவரை மச்சானின் மெசினில் உழுவதாகச் சொந்தக்காரர் சொன்னார். கிராங்கைச் சாக்கில் சுற்றி மோட்டார்சைக்கிளில் கட்டினார்.

மெக்கானிக் மட்டை ஒன்றில் சாமான் எழுதிக் கொடுத்தார். "லைனர், பிஸ்டன் மலிவில வாங்கினாலும் பரவாயில்லை. ரப்பர் வளையத்தில மட்டும் காசு பாக்காதைங்கோ."